மிச்சம் வழியில் இருந்தது

"...அதுக்குப் பேசாமல் எங்களை வரவேண்டாமெண்டே சொல்லியிருக்கலாம், பாலன் அண்ணை. இவ்வளவு வடிவா அச்சடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கத் தேவையில்லை."

சொன்னவர் யசோதா. கையில் ஒரு துண்டுப் பிரசுரம். அதன் நடுவில் அவருடைய அப்பாவின் படம். கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, பாஸ்போட்டுக்கு எடுத்த படம். மேலே ஒரு குத்துவிளக்கு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் 'மரண அறிவித்தல்'.

நான் அப்போது மேசைக்குக் கீழே படுத்திருந்தேன். பாலன் அண்ணரின் யூபிஎஸ் விடிந்ததில் இருந்து கீச்சுக் கீச்சென்று கத்துகிறதாம், வந்து பார் என்று கூப்பிட்டிருந்தார். அதனால் யசோதாவின் முகத்துக்கு முதல் அவருடைய கால்களைத்தான் கண்டேன். ஒரு செருப்பின் வார் அறுந்து, சட்டை ஊசி குத்தியிருந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து அந்தச் செருப்போடு பஸ் மாறி வந்திருக்கிறார். வீட்டில் வேறு செருப்பு இல்லாமல் இல்லை. மாற்றிப்போட நேரமில்லாத கோபம்.

"என்ர மனிசன்ர பேரும் இல்லை, பிள்ளையின்ர பேரும் இல்லை. மற்ற எல்லாரும் இருக்கினம். லண்டனில இருக்கிற சுகந்தி அண்ணியின்ர பேர் கூட இருக்கு. எங்கட வீட்டு ஆக்கள் மட்டும் எப்பிடி அண்ணை இல்லாமல் போவினம்?"

பாலன் அண்ணர் பிரசுரத்தில் வரி வரியாக விரலை ஓட்டினார். அவர் வாய் மூடி நான் கண்டது அன்றைக்குத்தான்.

பேர் போடுகிற முறை

இந்தத் தொடரைத் தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். அவர்களுக்காக ஒரு விளக்கம்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், கண்ணீர் வருவதற்கு முன் அறிவித்தல் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார், இன்னாரின் பாசமிகு தந்தையும்... இப்படியே சகோதரர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று போய், கடைசியில் 'ஆவார்' என்று ஒரு சொல்லில் இளைப்பாறும். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் நாடு. கனடா, லண்டன், நோர்வே. ஒரு குடும்பம் உலகத்தில் எங்கெங்கே சிதறியது என்று பார்க்க வரைபடம் தேவையில்லை.

பாலன் அண்ணர் இதைத்தான் தொழிலாகச் செய்கிறார். காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய அறை. குடும்பத்தார் வந்து சொல்லச் சொல்ல அவர் கொம்பியூட்டரில் அடிப்பார். பிறகு அது கொட்டாஞ்சேனையில் இருக்கிற அச்சகத்துக்குப் போகும். அங்கே துண்டுப் பிரசுரமாகும், பிரேதம் வைக்கிற மலர்ச்சாலை வாசலில் இருக்கிற திரையில் வரும், வெளிநாட்டுக்காரர் பார்க்கிற இணையப் பக்கத்திலும் ஏறும்.

அவர் அடிக்கடி சொல்லுகிற ஒரு கதை: "கலியாணத்துக்குச் சொல்லாட்டி 'மறந்து போச்சு' எண்டு தப்பலாம். செத்த வீட்டில பேர் விட்டால் எமனே வந்து சாட்சி சொன்னாலும் தப்பேலாது."

ஏனென்றால் எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலை முழுதாக வாசிப்பதில்லை. தங்கள் பேர் இருக்கிறதா என்று தேடுவார்கள். அதற்குப் பிறகு, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பேர் விடுபட்டால், அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். தானாக விடுபட்ட பேர் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது.

யசோதாவின் கதை

யசோதா வெள்ளவத்தையில் வளர்ந்தவர். இளவயதில், வீட்டுக் குளிர்சாதனம் திருத்த வந்த சேவியரைக் கலியாணம் செய்துகொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். சேவியர் வேதக்காரர். அதைவிட, ஸ்க்ரூ முறுக்கிற ஆள் என்பதுதான் அண்ணன் ராகுலனுக்குப் பிரச்சினை. அப்பா கொஞ்சக் காலத்தில் இறங்கி வந்துவிட்டார். பேத்தி அனுஷா பிறந்த பிறகு, புதன்கிழமைகளில் அங்கே போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவார் என்று பாலன் அண்ணருக்கே தெரியும். அண்ணன் மட்டும் லண்டனில் இருந்தபடி இறங்கவில்லை. அவர் வாயில் சேவியரின் பேர் ஒருநாளும் வந்ததில்லை. 'அவன்' கூட இல்லை. 'அங்கத்தையான்', அந்தப் பக்கத்து ஆள்.

அப்பா செத்ததும் ராகுலன் வந்து இறங்கினார். முதல்நாள் பின்னேரம் இதே அறையில் இருந்து அறிவித்தல் சொல்லி முடித்து, எழும்பி, கதவு வரை போய், திரும்பி வந்திருக்கிறார்.

"சேவியர் எண்டும் போடுங்கோ. அனுஷாவையும்."

பாலன் அண்ணர் ஒன்றும் கேட்காமல், கடைசியில் அந்த இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறார். பிறகு தங்கைக்கும் ராகுலனே கோல் எடுத்து, "எல்லாரையும் போட்டிருக்கு, எல்லாரும் வாங்கோ" என்று சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அண்ணன் எடுத்த கோல்.

அதை நம்பித்தான் அந்த வீட்டில் முதல்நாள் இரவு எல்லாரும் படுத்தார்கள். விடியப் பிரசுரம் கைக்கு வந்தது. பேர் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் பொரளை மலர்ச்சாலையில் கிரியை. ராகுலனுக்குப் பிள்ளைகள் இல்லை. பந்தம் பிடிக்க இருக்கிற ஒரே பேரப்பிள்ளை அனுஷா. யசோதா முடிவெடுத்துவிட்டுத்தான் படியேறியிருந்தார்.

"நான் மகள். நான் போவன். அவையள் வராயினம். பேர் இல்லாத ஆக்களுக்கு அங்க என்ன வேலை? இதை உங்களிட்டச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

திரையில் இருந்த பேர்

பாலன் அண்ணர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "பிள்ளை, இஞ்ச பார்."

'...சுகந்தியின் அன்பு மாமியும்' என்று முதலில் அடித்து, பிறகு திருத்தி, 'மாமனாரும்' ஆக்கியிருந்தார். (இப்படியான பிழைகள் அவரிடம் நிறைய வரும். ஒருமுறை செத்தவரையே அனுதாபம் தெரிவிப்போர் பகுதியில் போட்டவர்.) அதற்குப் பிறகு தெளிவாக இருந்தது (பேரன் என்றால் எங்களுக்குத் தாத்தாவும்தான்): 'சேவியரின் பாசமிகு மாமனாரும், அனுஷாவின் அன்புப் பேரனும் ஆவார்.'

யசோதா குனிந்து வாசித்தார். நிமிர்ந்தார்.

"இது நான் படியேறி வரேக்க அடிச்சது."

"ஐயோ பிள்ளை, நீ வந்த பிறகு நான் கீபோட்டைத் தொட்டனானே?"

"அப்ப அதுக்கு முதல் அடிச்சது. அண்ணா கோல் எடுத்திருப்பார். 'அவள் வாறாள், போட்டு வையுங்கோ' எண்டு."

இந்த வாதத்தை வெல்ல முடியாது. மனிசர்தான் செய்தார்கள் என்று நம்புகிறவருக்கு ஒவ்வொரு அத்தாட்சியும் இன்னொரு கள்ளனைத்தான் காட்டும்.

நான் மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்தேன். தலைமயிரில் ஒட்டடை. யசோதா திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார்.

"கொட்டாஞ்சேனையில என்ன போய்ச் சேர்ந்தது எண்டு பாத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

பாலன் அண்ணர் அச்சகத்துக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அங்கே ரஞ்சித் என்ற சிங்களத் தம்பி. எங்கள் எழுத்துகளை அளவுக்கு அடுக்கிப் பக்கம் அமைப்பதில் கெட்டிக்காரன், ஆனால் வாசிக்கத் தெரியாது. கோவிலில் இருக்கிற கல்வெட்டைச் சுத்தப்படுத்துகிற ஆள் மாதிரி.

"அய்யே, மம முக்குத் கெபுவே நே," என்றான். நான் ஒன்றும் வெட்டவில்லை, அண்ணை. "வந்தது அவ்வளவுதான்."

யசோதாவுக்கும் சிங்களம் விளங்கும். "ம்," என்றார். நம்பவில்லை. ஆனால் இருந்தார்.

தபால் இல்லை, பைப்

இனிமேல் கொஞ்சம் தொழில் கதை. பயப்படவேண்டாம்.

போன வாரக் கட்டுரைக்குப் பிறகு ஹற்றனில் இருந்து ஒரு ஆசிரியை கேட்டிருந்தார், இதெல்லாம் நீங்கள் எந்தக் கம்பஸில் படித்தீர்கள் என்று. மருதானை நடைபாதைக் கம்பஸ். அட்டை போன, நடுவில் சில பக்கம் கிழிந்த பழைய புத்தகங்கள். கிழிந்த பக்கத்தில் இருந்ததை நானே பிழைவிட்டுக் கண்டுபிடித்தேன். அதனால் சிலருக்குத் தெரிகிற பெரிய சொற்கள் எனக்குத் தெரியாது. விளங்கினதைச் சொல்கிறேன்.

இரண்டு கொம்பியூட்டர் கதைப்பதற்கு இரண்டு பக்கமும் ஒரு வாசல் திறக்கவேண்டும். அதற்குப் பேர் சொக்கெற். இங்கே இருக்கிற புரோகிராம் தன் வாசலில் எழுத்தை ஊற்றும். அங்கே இருக்கிற புரோகிராம் தன் வாசலில் நின்று 'ரிசீவ்' என்று கேட்கும். வந்ததை எடுத்துக்கொள்ளும்.

எல்லாரும் விடுகிற பிழை, இதைத் தபால் என்று நினைப்பது. ஒரு கடிதம் போட்டால் ஒரு கடிதம் வரும் என்று. அப்படி இல்லை. இது தண்ணீர்ப் பைப். நான் இங்கே ஒரு வாளி ஊற்றினால், அங்கே முதலில் ஒரு செம்பு வரலாம், பிறகு அரை வாளி வரலாம், பிறகு சொட்டுச் சொட்டாக மிச்சம் வரலாம். ஒன்றும் தொலையாது, வரிசையும் மாறாது. ஆனால் எத்தனை தரம் பிரிந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ரிசீவ் என்று ஒருதரம் கேட்டால் அது தருவது, 'இப்ப வரைக்கும் வந்தது'. முழுவதும் வந்துவிட்டது என்று அது ஒருநாளும் சொல்லவில்லை.

எனக்கு இது புத்தகத்தைவிட முதலில் விளங்கியது தங்கம்மா மாமியிடம்.

தங்கம்மா மாமியின் ரிசீவர்

அந்தக் காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேசன் கடையில் நின்றேன். வெளிநாட்டுக் கோல் எடுக்க வருகிற சனம் வாசல் வரை நிற்கும். பலகையால் அடித்த பெட்டிக்குள் ஒரு கதிரை, ஒரு ஃபோன், வியர்வை மணம்.

தங்கம்மா மாமியின் மகன் நோர்வேயில். அந்த லைனில் சத்தம் போய்த் திரும்ப நேரமெடுக்கும். மகன் ஒரு வசனம் சொல்வான், நடுவில் ஒரு இடைவெளி, பிறகு மிச்சம் வரும். மாமிக்குப் பொறுமை இல்லை. சத்தம் நின்றதும் "சரியடா, வை" என்று ரிசீவரை வைத்துவிடுவா.

ஒருநாள் வெளியே வந்து கடை முழுக்கக் கேட்கச் சொன்னா, "என்ர பெடியன் இஞ்ச வரமாட்டானாம்!" ஒப்பாரி தொடங்கிவிட்டது. அரை மணித்தியாலத்தில் மகன் கடைக்கே எடுத்தான். அவன் சொன்னது, "அங்க வரமாட்டன் எண்டு நினைக்காதையுங்கோ அம்மா, தை மாசத்துக்கு ரிக்கெற் போட்டாச்சு."

அதற்குப் பிறகு மாமி வந்தால் நான் பெட்டிக்கு வெளியே நின்று கண்ணாடியில் தட்டுவேன். "வையாதையுங்கோ மாமி, இன்னும் வருது."

பக்கத்துக் கடை அக்கா இதைப் பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னா: "சொன்னதில பாதி காத்துக்கு, கேட்டதில பாதி காதுக்கு. மிச்சத்துக்குத்தான் சண்டை." நான் வாங்கிய எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக இல்லை.

துடைத்துவிட்ட வால்

கொட்டாஞ்சேனைக் கொம்பியூட்டரை வெள்ளவத்தையில் இருந்தே திறந்து பார்க்க வசதி இருந்தது. அங்கே இருந்த புரோகிராம் பாலன் அண்ணரிடம் முந்தி வேலை செய்த ஒரு பெடியன் எழுதினது. இப்போது அவுஸ்திரேலியாவில் நல்ல வேலை. எழுத்து சுத்தம், கெட்டிக்காரன்.

ஒரு தரம் ரிசீவ். அதோடு வாசலை மூடு. அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

அவன் எழுதும்போது அனுப்புகிற புரோகிராமும் வாங்குகிற புரோகிராமும் இதே அறையில், ஒரே கொம்பியூட்டருக்குள் இருந்தன. அங்கே வாளியோடு ஊற்றினால் வாளியோடு விழும். பிறகுதான் அச்சு வேலை கொட்டாஞ்சேனைக்குப் போனது. நடுவில் இப்போது மொபைல் ரவுட்டர், கொழும்பு முழுவதும் சேர்ந்து அடைக்கிற ஒரு லைன். அந்த லைன் எதையும் ஆயிரத்து நானூறு சொச்சம் பைற்றாக நறுக்கித்தான் அனுப்பும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைற். நம்முடையதுக்கு மூன்று, 'கி'க்கு விசிறியோ 'கெ'க்குக் கொம்போ வைத்தால் ஆறு. ஆங்கில அறிவித்தல் ஒரே துண்டில் போய்விடும். நம்முடையது, அதுவும் நம்முடைய உறவுமுறைகளோடு, மூன்று துண்டாகும்.

அதுமட்டும் என்றால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டால் கடைசியில் ஒரு கறுப்பு டைமனும் கேள்விக்குறியும் தெரியும். தெரிந்தும் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத ரஞ்சித்துக்கும் அது எழுத்தில்லை என்று தெரியும். "அய்யே, கடைசியில ஒரு ஊத்தை வருது" என்று முறையிட்டிருக்கிறான். பெடியன் பிளேன் ஏறுகிற அவசரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறான். வால் உடைந்திருந்தால், கடைசிக் காற்புள்ளி வரை பின்னால் போ, அதற்குப் பிறகு உள்ளதை எறி, 'ஆவார்' என்று போட்டு முடி.

கூரை ஒழுகுகிறது என்று சொன்னவனுக்கு நிலத்தைத் துடைத்துக் கொடுத்த மாதிரி. அன்றில் இருந்து ஒவ்வொரு அரைகுறை அறிவித்தலும் முழு அறிவித்தல் மாதிரியே வெளியே வந்தது. வெட்டின தடயம் இல்லை. யாரோ யோசித்து, அளந்து, இரண்டு பேரை மட்டும் எடுத்த மாதிரி.

நான் இதைச் சொன்னதும் பாலன் அண்ணர் கதிரையில் சாய்ந்தார்.

"அப்ப தெகிவளை ஆக்கள்..." என்றார்.

தெகிவளை ஆக்கள்

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அச்சகம் மாறினதில் இருந்து அவரிடம் அறிவித்தல் கொடுத்த குடும்பங்களில் சிலவற்றில் பெரிய பிளவுகள் விழுந்திருந்தன. தெகிவளையில் இரண்டு மைத்துனர்மார் முப்பத்தோராம் நாள் கிரியைக்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு மருமகள் மாமியார் வீட்டுக் கேற்றுக்குள் போகவில்லை. பாலன் அண்ணருக்கு இந்தக் கதைகள் எல்லாம் தெரியும். எல்லாரும் அவரிடம் வந்து சொல்லித்தான் அழுதார்கள். ஆனால் ஒருவரும் அவரிடம் பிழை சொல்லவில்லை! மெசின் செய்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் அவர் வீடு வீடாகக் கோல் எடுத்தார். சிலர் அழுதார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். தெகிவளைக்காரர் சொன்னது: "மெசினில பழியைப் போட்டுத் தப்பச் சொல்லி அந்த மச்சான்தானே உங்களுக்குச் சொல்லித் தந்தவன்?"

அனுப்பு பொத்தான்

யசோதாவுக்கு நான் பைப்பும் வாளியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"விளங்குது," என்றார். "ஆனால் உங்களுக்குக் கதைக்கத் தெரியும். அதுவும் விளங்குது."

"அப்ப நீங்களே அமத்துங்கோ. இதே அறிவித்தல்தான். நீங்களே அனுப்புங்கோ. அங்க என்ன போய்ச் சேருது எண்டு இந்தப் பக்கத்தில தெரியும். அச்சுக்குப் போகாமல் நான் பிடிச்சிருக்கிறன்."

ஒரு விரலால் அமத்தினார். அங்கே வந்து விழுந்தது. 'சேவியரின் பாசமிகு மாமனாரும், அனுஷாவின் அன்புப் பேரனும் ஆவார்.' ஒரு எழுத்துக் குறையவில்லை.

நான் என் வாழ்க்கையில் சரியான விடை வந்ததுக்காக அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

"திரும்ப அமத்துங்கோ."

திரும்பவும் முழுதாக வந்தது.

யசோதா கைப்பையை எடுத்தார். "பாத்தியளோ? பைப் நல்லாத்தான் இருக்கு." குரலில் கோபம் கூட இல்லை. களைப்பு. பாலன் அண்ணர் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

கதவடிக்குப் போய்விட்டார். நான் ரஞ்சித்துக்குக் கோல் எடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், நேற்றுப் பின்னேரம் இந்த அறிவித்தல் வந்த நேரம் நீ வேறு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. யோசித்தான். ஒரு கலியாண அல்பத்தின் படங்களை இறக்கிக்கொண்டிருந்தானாம். பெரிய பெரிய படங்கள். அவை லைனை அடைத்திருக்கும், எங்கள் துண்டுகள் இடைவெளி விட்டு வந்திருக்கும்.

"ஏக்க ஆயெத் தாபங் மல்லி." அதைத் திரும்பப் போடு தம்பி.

"ஒரு நிமிசம் பொறுங்கோ அக்கா," என்றேன் யசோதாவிடம். அவருக்கு என்னைவிட வயது குறைவு. அந்த நேரம் வாயில் அப்படித்தான் வந்தது. "கடைசியாய் ஒருக்கா."

அவர் வந்து, நின்றபடியே அமத்தினார்.

வந்தது. 'ராகுலன், யசோதா ஆகியோரின் பாசமிகு தந்தையும்...' அதற்குப் பிறகு சகோதரர்கள். பிறகு, 'சுகந்தியின் அன்பு மாமனாரும் ஆவார்.' முற்றுப்புள்ளி.

துண்டுப் பிரசுரத்தில் இருந்தது அதேதான். அவர் பிரசுரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வரிக்கு வரி பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலே, இன்னொரு தரம் அமத்தினார்.

இந்தமுறை வந்தது சின்னதாக இருந்தது. மூன்று பேரும் குனிந்தோம். யசோதா சத்தமாக வாசித்தார்.

"'...பரமேஸ்வரியின் அன்புக் கணவரும் ஆவார்.'"

அவ்வளவுதான். முதல் துண்டு மட்டும் வந்த நேரம் வாசலை மூடியிருக்கிறது.

"அப்ப நாங்கள் ஆர்?" என்றார் யசோதா. "அப்பாவுக்குப் பிள்ளையளே இல்லையோ?"

அவருடைய ஃபோன் அடித்தது. காலையில் இருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தது, அவர் எடுக்கவில்லை. இந்தமுறை எடுத்து, ஏனோ, ஸ்பீக்கரில் போட்டார்.

"யசோ, எங்க நிக்கிறாய்? நான் காலமையில இருந்து—"

"அண்ணா, உன்ர பேரும் போயிட்டுது."

"என்ன?"

"அறிவித்தலில. உன்ர பேர் இல்லை."

ஒரு கணம்தான். அந்தப் பக்கம் ராகுலனின் குரல் எகிறியது. "என்ர பேரோ? ஆர் எடுத்தது? ஆரடி அதை எடுத்தது?"

யசோதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அப்பா செத்து மூன்றாம் நாள், அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. பாலன் அண்ணர் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினார்.

நான் ஃபோனை வாங்கி ராகுலனுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். லைன் விட்டுவிட்டதோ என்று பார்த்தேன். விடவில்லை.

"அவளிட்டச் சொல்லுங்கோ," என்றார் கடைசியில். "கடைசியில போட்டது என்ர பிழை. சுகந்திக்கு முன்னால போட்டிருக்கவேணும். முறைப்படி அவர்தான் இந்த வீட்டு ஒரே மருமகன்."

பிறகு, என்னிடம் இல்லை, தங்கையிடம்: "யசோ, அம்மா இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை."

யசோதா ஃபோனை வாங்கி அணைத்தார்.

முழுதும் வரும்வரை

புதுப் பிரசுரம் அடிக்கவேண்டும். அதற்கு முன் பைப்பைத் திருத்தவேண்டும்.

செய்தது பெரிய வித்தை இல்லை. அனுப்புகிறவர் முதலில் ஒரு எண் சொல்வார், இத்தனை பைற் வரப்போகிறது என்று. எழுத்தை எண்ணாமல் பைற்றை எண்ணிச் சொல்லவேண்டும், நம் மொழிக்கு அது முக்கியம். வாங்குகிறவர் அந்த எண் நிரம்பும்வரை ரிசீவ், ரிசீவ் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். ரிசீவ் பூச்சியம் என்று சொன்னால் மற்றப் பக்கம் வாசலை மூடிவிட்டது என்று அர்த்தம். நிரம்புவதற்கு முன் மூடினால், அந்த அறிவித்தலை அச்சுக்கு விடாதே. அரைகுறையாக ஒன்று போவதைவிட ஒன்றும் போகாமல் இருப்பது நல்லது. பாலன் அண்ணரின் திரையில் சிவப்பாக எழுது.

அந்த வால் துடைக்கிற வரியை முதலில் அழித்தேன். ஊத்தை வந்தால் வரட்டும். ஊத்தை தெரிந்தால்தான் யாராவது கோல் எடுப்பார்கள்.

முடிய மத்தியானம் ஆகிவிட்டது. ரஞ்சித்தின் கலியாண அல்பம் இறங்க இறங்க, யசோதாவே பல தரம் அமத்திப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் முழுதாக வந்தது. சேவியர் சுகந்திக்கு முன்னால் போயிருந்தார், பாலன் அண்ணர் மாற்றி அடித்திருந்தார். ரஞ்சித் புதுப் பிரசுரத்தை ஒரு ஓட்டோவில் நேராக மலர்ச்சாலைக்கு அனுப்புவதாகச் சொன்னான். வாசல் திரையையும் மாற்றிவிட்டு, அதை ஃபோனில் படமெடுத்து அனுப்பச் செய்தான்.

யசோதா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அனுஷாவின் பேரில் விரல் நின்றது.

பாலன் அண்ணரால் பொறுக்க முடியவில்லை. "இப்ப நம்புறியோ பிள்ளை?"

"மெசினை நம்புறன் அண்ணை," என்றார். "ஆக்களைப் பிறகு பாப்பம்."

படியில் இரண்டு இறங்கினார், நின்றார், ஃபோனை எடுத்தார்.

"சேவியர், அந்த வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போடுங்கோ. பிள்ளைக்கும் வெள்ளை. நேர பொரளைக்கு வாங்கோ. நான் முதல் போய் அம்மாவுக்குச் சாப்பாடு குடுக்கிறன்."